சென்னையில் தனி வீட்டுக்கு விலை போட: வழிகாட்டி மதிப்பு, விளம்பரத் தளம், வேல்யூவர் மூன்றில் எது உதவும்?

தனி வீட்டை விற்க நினைப்பவர் விலை தெரிந்துகொள்ளப் போகும் இடங்கள் மூன்று. பதிவுத் துறைத் தளத்தில் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு வைத்திருக்கும் மதிப்பைப் பார்ப்பார், சொத்து விளம்பரத் தளங்களில் அந்த ஏரியாவின் சதுர அடி விலையைப் பார்ப்பார், கடைசியாக யாராவது சொல்லி ஒரு வேல்யூவரை, அதாவது சொத்து மதிப்பீட்டாளரைக் கூப்பிடுவார். புரோக்கரைக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் சொல்வது பேரத்தின் தொடக்கம்தான். மூன்று இடத்திலும் மூன்று தொகை வரும். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) வீட்டுக்கு நாற்பது, ஐம்பது லட்சம் வித்தியாசம் வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஒவ்வொன்றும் அளப்பது வேறு வேறு பொருளை.

தனி வீடு என்றால் வேல்யூவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. ஆனால் கேட்டு வாங்க வேண்டியதைக் கேட்டு வாங்க வேண்டும். அடுக்குமாடி ஃபிளாட் என்றால் பெரும்பாலும் அந்தச் செலவு தேவையில்லை. வழிகாட்டி மதிப்பைப் பார்க்காமல் விலை பேசவே கூடாது, அதே சமயம் அதையே விலையாக நினைக்கவும் கூடாது. விளம்பரத் தளங்கள் தனி வீட்டுக்கு அநேகமாகப் பயன்படாது.

வழிகாட்டி மதிப்பு: இலவசம், ஆனால் வீட்டைப் பார்க்காதது

பதிவுத் துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் தெருப் பெயரைக் கொடுத்தும் பார்க்கலாம், சர்வே எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம். இரண்டு வழியிலும் பார்த்துவிடுங்கள். ஒரே மனைக்கு இரண்டு விதமாக வருவது உண்டு. வருவது மனைக்கான சதுர அடி மதிப்பு மட்டுமே. அந்தத் தெருவில் முனை மனைக்கும் முட்டுச் சந்து மனைக்கும் ஒரே தொகைதான். நாற்பது அடி முகப்பு இருந்தாலும் பதினெட்டு அடி இருந்தாலும் ஒன்றுதான். கட்டடத்தைத் தனியே கணக்குப் போட்டுச் சேர்க்க வேண்டும்.

இந்த எண் சந்தையோடு நடக்கிற எண் அல்ல, அரசு முடிவெடுக்கும்போது மாறுகிற எண். 2017 ஜூனில் மாநிலம் முழுக்க ஒரேயடியாக 33 சதவீதம் குறைத்துவிட்டுப் பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக ஏற்றினார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுபோய்க் கட்டணத்தை 2 சதவீதமாக இறக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் மறுபடியும் திருத்தம். இத்தனை ஏற்ற இறக்கத்திலும் உங்கள் தெருவில் நிலத்தின் விலை அதோடு சேர்ந்து விழவும் இல்லை, ஏறவும் இல்லை. சில தெருக்களில் வழிகாட்டி மதிப்பு சந்தை விலையில் பாதி, சில தெருக்களில் சந்தையையே தாண்டி நிற்கிறது. இரண்டாவது வகைதான் விற்பவருக்குத் தலைவலி. வாங்குபவர் 7 சதவீத முத்திரைத் தீர்வையும் 2 சதவீதப் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பின்மீது கட்ட வேண்டியிருக்கும். விற்றவருக்கும் வருமான வரியில் அதே மதிப்பை விற்பனைத் தொகையாக எடுத்துக்கொள்வார்கள். 10 சதவீத வித்தியாசம் வரைதான் விட்டுக்கொடுப்பு. ஆகவே விலை பேசத் தொடங்கும் முன் இந்த எண் கையில் இருக்க வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான்.

அதே தளத்தில் வில்லங்கச் சான்று (ஒரு சொத்தின்மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) பார்க்கும் வசதி இருக்கிறதே, விலை தேடுபவருக்கு உண்மையான பொக்கிஷம் அதுதான். உங்கள் மனைக்கு மட்டும் பார்க்காமல், பக்கத்து சர்வே எண்களுக்குக் கடைசி மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பத்திரத்துக்கும் கைமாற்றுத் தொகை, சந்தை மதிப்பு என்று இரண்டு தொகை இருக்கும். கீழே சொத்து விவரத்தில் பரப்பும் இருக்கும். கைமாற்றுத் தொகையைப் பரப்பால் வகுத்தால் சதுர அடி விலை. ஆனால் பத்திரத்தில் எழுதியதும் கை மாறியதும் ஒன்றாக இல்லாத விற்பனைகள் நம் ஊரில் ஏராளம் என்பது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. அதற்கு ஒரு வடிகட்டி: கிரயப் பத்திரம் பதிவான அன்றோ ஓரிரு வாரத்திலோ அதே சொத்தின்மீது வங்கிக்கு உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பத்திரம் பதிவாகியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் வாங்கியவர் கடன் எடுத்திருக்கிறார். கடனுக்காகப் பத்திரத்தில் முழுத் தொகையையும் காட்டியிருக்க வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட மூன்று, நான்கு விற்பனை கிடைத்தால் போதும், ஏரியா சராசரியை விட அது நம்பத் தகுந்தது. தானப் பத்திரம், குடும்பத்துக்குள் விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினை எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுங்கள். அதில் இருக்கும் தொகை கட்டணத்துக்காக எழுதியது.

விளம்பரத் தளங்கள்

மேஜிக்பிரிக்ஸ், 99ஏக்கர்ஸ் போன்ற தளங்களில் ஏரியாவாரியாகச் சதுர அடி விலை காட்டுகிறார்கள். அவை பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலையிலிருந்து எடுப்பவை. கேட்ட விலைக்கும் முடிந்த விலைக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பது அதில் தெரியாது. ஒரே வீட்டை நாலு புரோக்கர் நாலு விலையில் போட்டிருப்பார்கள். ஏரியாவில் ஃபிளாட் அதிகமாக இருந்தால் சராசரி ஃபிளாட்டின் பக்கம் சாயும். ஃபிளாட்டின் சதுர அடி என்பது கட்டிய பரப்பு, தனி வீட்டின் சதுர அடி என்பது மனை. இரண்டையும் ஒப்பிட்டுத் தன் வீட்டுக்கு விலை வைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜில்லோ போன்ற தளம் வீட்டு முகவரியைக் கொடுத்தவுடன் விலை சொல்கிறதே, இங்கே ஏன் இல்லை என்று கேட்கலாம். அங்கே பல மாநிலங்களில் விற்ற விலை பொதுப் பதிவில் இருக்கிறது. படுக்கையறை, குளியலறை எண்ணிக்கை வரை வரித்துறைப் பதிவில் இருக்கிறது. அவ்வளவு தகவல் இருந்தும் வீட்டுக்குள்ளே என்ன நிலைமை என்பது கணினிக்குத் தெரியாது. வீடுகளைத் தானே வாங்கி விற்கும் தொழிலை ஜில்லோ 2021 நவம்பரில் மூடுவதாக அறிவித்தபோது, எதிர்கால விலையைச் சரியாகக் கணிக்க முடியவில்லை என்பதைத்தான் காரணமாகச் சொன்னது. இங்கே மூலத் தகவலே கோணல். ஃபிளாட்டுக்காவது ஒரே கட்டடத்தில் பத்து விற்பனை நடந்திருக்கும், ஓரளவு ஒத்துப்போகும். தனி வீட்டுக்கு விளம்பரத் தளத்தை இன்னும் எத்தனை பேர் போட்டிக்கு நிற்கிறார்கள் என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

வேல்யூவர் என்ன செய்ய வேண்டும்

பதிவு பெற்ற மதிப்பீட்டாளர், அதிலும் வங்கிகளின் பட்டியலில் இருப்பவர் என்றால் நல்லது. சிவில் இன்ஜினியரிங் படித்தவராக இருந்து, அந்த ஏரியாவிலேயே வாரத்துக்கு இரண்டு, மூன்று வீடு பார்க்கிறவர் என்றால் இன்னும் நல்லது. கட்டணத்தை முன்கூட்டியே ஒரே தொகையாகப் பேசுங்கள். "எவ்வளவு மதிப்பு வர வேண்டும்?" என்று முதல் கேள்வியாகக் கேட்பவரை அங்கேயே அனுப்பிவிடலாம்.

தனி வீட்டுக்கு அவர் போடுவது நிலம் தனி, கட்டடம் தனி என்ற கணக்கு. அறிக்கையில் இந்த இரண்டும் பிரிந்து தெரிய வேண்டும். ஒரே தொகையாகத் தந்தால் வாங்காதீர்கள். கணக்கு எப்படி ஓடுகிறது என்பதை ஒரு மாதிரி வீட்டில் பார்க்கலாம். மனை 40க்கு 60, அதாவது 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. தரைத்தளம் 1,200 சதுர அடி, கட்டி 25 ஆண்டு. மாடி 900 சதுர அடி, கட்டி 15 ஆண்டு. மனை விலை சதுர அடிக்கு ரூ.9,000 என்று வைத்துக்கொள்வோம்.

நிலம் ரூ.2,16,00,000. தரைத்தளத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு ரூ.2,400 ஆகும் என்றால் ரூ.28,80,000. கான்கிரீட் கட்டடத்துக்கு ஆயுள் 60 ஆண்டு, முடிவில் 10 சதவீதம் எச்ச மதிப்பு என்பது வேல்யூவர்கள் வழக்கமாக எடுக்கும் அளவு. மீதி 90 சதவீதத்தை அறுபதால் வகுத்து இருபத்தைந்தால் பெருக்கினால் தேய்மானம் 37.5 சதவீதம். கழித்தால் நிற்பது ரூ.18,00,000.

மாடிக்கு அஸ்திவாரச் செலவு இல்லை, ஆகவே ரூ.2,000 போட்டால் ரூ.18,00,000. இங்கேதான் நிறைய அறிக்கைகள் தவறுகின்றன. மாடிக்கும் 60 ஆண்டு ஆயுள் போட்டுவிடுவார்கள். கீழே இருக்கும் வீட்டுக்கு இன்னும் 35 ஆண்டுதான் பாக்கி; அது போன பிறகு மாடி அந்தரத்தில் நிற்காது. 15ம் 35ம் சேர்த்து மாடியின் மொத்த ஆயுள் 50. தேய்மானம் 27 சதவீதம், நிற்பது ரூ.13,14,000. காம்பவுண்டு சுவர், கேட், சம்ப், போர், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து ரூ.2,50,000. மொத்தம் ரூ.2,49,64,000.

இதில் கட்டடமும் மற்றவையும் சேர்ந்து 13, 14 சதவீதம்தான். மீதி எல்லாம் மண். வீட்டுக்காரர் இருபது ஆண்டாகப் பார்த்துப் பார்த்துச் செய்தது எல்லாம் அந்தப் பதின்மூன்று சதவீதத்துக்குள் அடக்கம். விலை எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தேடுபவர் முதலில் மனையைத்தான் பார்க்க வேண்டும்.

மனை: டேப்பைப் பிடித்தால் வரும் வித்தியாசம்

வேல்யூவர் வந்தவுடன் டேப்போ லேசர் கருவியோ எடுத்து நாலு பக்கத்தையும் ஒரு மூலைவிட்டத்தையும் அளக்கிறாரா பாருங்கள். பத்திரத்தில் இருக்கும் அளவை அப்படியே எழுதிக்கொண்டு போகிறவர் பாதி வேலைதான் செய்கிறார். முன்பக்கம் 40 அடி, பின்பக்கம் 37 அடி, இரு பக்கச் சுவரும் சமமாக உள்ளே வாங்கியிருக்கிறது என்றால் மனை 2,400 இல்லை, 2,310 சதுர அடி. குறையும் 90 சதுர அடிக்கு மேலே போட்ட விலையில் ரூ.8,10,000. பட்டாவில் பரப்பு சதுர மீட்டரில் இருக்கும். ஒரு கிரவுண்டுக்கு 223 வர வேண்டும். பத்திரம், பட்டா, நேரில் அளந்தது என்ற மூன்றில் எது குறைவோ அதைத்தான் வங்கி எடுத்துக்கொள்ளும். குறைவு பட்டாவில் என்றால் விற்பதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துச் சரிசெய்துகொள்வது நல்லது. அட்வான்ஸ் வாங்கிய பிறகு ஓடினால் பேரம் வாங்குபவர் கைக்குப் போய்விடும்.

அடுத்து முகப்பு. 40க்கு 60ம் ஒரு கிரவுண்டுதான், 20க்கு 120ம் ஒரு கிரவுண்டுதான், விலை ஒன்றல்ல. மனையைப் பட்டை பட்டையாகப் பிரித்து மதிப்பிடும் பழைய முறை ஒன்று இருக்கிறது: ரோட்டை ஒட்டிய முதல் பட்டைக்கு முழு விலை, அடுத்ததற்கு மூன்றில் இரண்டு பங்கு, அதற்கும் பின்னால் பாதி. முதல் பட்டை 40 அடி ஆழம், அடுத்தது 60 அடி என்று எடுத்தால், நீள மனையில் 800ம், 1,200இல் மூன்றில் இரண்டு பங்கான 800ம், கடைசி 400இல் பாதியான 200ம் சேர்ந்து 1,800 சதுர அடிக்கான விலைதான் வரும். 40க்கு 60 மனைக்கு இதே கணக்கில் 2,133. வித்தியாசம் கிட்டத்தட்ட 16 சதவீதம். கடைத்தெருவுக்காக உண்டான முறை இது, குடியிருப்புத் தெருவில் அப்படியே பொருந்தாது. ஆனாலும் இருபது அடி முகப்பில் பக்க இடைவெளி விட்டு, கார் நிறுத்தவும் இடம் விட்டு என்ன கட்ட முடியும் என்று யோசிக்கிற எந்த பில்டரும் ஏறக்குறைய இதே அளவுக்குத்தான் குறைத்துக் கேட்பார்.

ரோட்டின் அகலம் வீட்டுக்காரர் அதிகம் கவனிக்காத விஷயம். நிலத்தின் விலையைத் தீர்மானிப்பது அதில் எவ்வளவு கட்டலாம் என்பது. 2019இன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி உயரம் குறைந்த கட்டடங்களுக்குத் தளப் பரப்புக் குறியீடு (எஃப்எஸ்ஐ) 2, அதாவது மனையைப் போல இரண்டு மடங்கு, ஒரு கிரவுண்டில் 4,800 சதுர அடி கட்டலாம். அதற்கு மேல் பணம் கட்டி வாங்கும் பிரீமியம் எஃப்எஸ்ஐ ரோடு அகலமாக அகலமாகக் கூடும். 18 மீட்டர் ரோட்டில் 50 சதவீதம் வரை. ஒரே தெருவில் முன்பாதி 30 அடி, பின்பாதி 20 அடி என்றிருந்தால் இரண்டு பாதிக்கும் விலை வேறு. பக்கத்துத் தெரு விற்பனையை ஒப்பிடும்போது வேல்யூவர் ரோட்டின் அகலத்தை எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். எழுதாத ஒப்பீட்டை நம்ப வேண்டாம்.

தெருக்குத்து, வடக்கு பார்த்தது, கிழக்கு பார்த்தது, முன்னால் குறுகிப் பின்னால் விரிந்தது என்பவை வேல்யூவர் அறிக்கையில் பெரிதாக வராது, சந்தையில் கண்டிப்பாக வரும். நம்பிக்கை இல்லாதவர்கூடத் தெருக்குத்து மனையை வாங்கத் தயங்குவார். நாளைக்கு விற்கப்போகும்போது அடுத்தவருக்கு நம்பிக்கை இருக்குமே என்பது அவர் கணக்கு. இதற்குச் சூத்திரம் கிடையாது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இதனால் விலகிவிடுவார்கள் என்று எடுத்துக்கொண்டு காத்திருக்கும் காலத்தைக் கூட்டிக்கொள்வதுதான் நடைமுறை.

பள்ளம் ஒன்று போதும் விலையை உடைக்க. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீட்டின் தரை ரோட்டுக்குக் கீழே போய்விட்ட தெருக்கள் வேளச்சேரி, மடிப்பாக்கம், முடிச்சூர் பக்கம் எத்தனையோ. 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் மிக்ஜாமையும் பார்த்த பிறகு வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "தண்ணி வந்ததா?" என்றுதான். காலி மனை என்றால் இரண்டடி உயர்த்த 4,800 கன அடி மண், அதாவது யூனிட்டுக்கு 100 கன அடி என்று 48 யூனிட். கணக்குப் போட்டுக் கழித்துவிடலாம். வீடு நிற்கிற இடத்தில் மண்ணைக் கொட்ட முடியாது. ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கும் வேலையை எல்லா வீட்டுக்கும் செய்ய முடியாது, மாடி இருந்தால் செலவும் கூடும். ஆகவே ரோட்டை விட ஒன்றரை அடி கீழே இருக்கும் வீட்டை வாங்குபவர் மனை விலை மட்டும் பேசுவார். உள்ளே இத்தாலியன் மார்பிள் இருந்தாலும் அதே பேச்சுதான்.

கட்டடத்தின் நிலைமை

நல்ல வேல்யூவர் எங்கே நேரம் செலவழிக்கிறார் என்பதைப் பார்த்தாலே ஆளைத் தெரிந்துகொள்ளலாம். ஹாலில் ஐந்து நிமிடம் போதும். கீழ்தள பாத்ரூம் கூரை, சன்ஷேடின் அடிப்பக்கம், மொட்டை மாடி, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் வெளிச்சுவர் ஆகிய நாலு இடத்தில் கதை தெரிந்துவிடும். பாத்ரூம் கூரையில் அரை அடிக்கு ஒன்றாக இணைகோடுகள்போலப் பழுப்புக் கறை தெரிந்தால் அது ஸ்லாப் கம்பியின் துரு. ஸ்டூல் போட்டு ஏறி சாவிக்கொத்தால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று சொல்லும். பூச்சுக்கு மேலே பிளந்திருந்தால் சத்தம் பொத்தென்று விழும். துருப்பிடித்த கம்பி பருத்து, மூடியிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்து தள்ளுகிறது. மேல் பாத்ரூம் கசிவால் அந்த ஓரிடத்தில் மட்டும் என்றால் சுரண்டி, கம்பியைச் சுத்தம் செய்து, பூசிச் சரிசெய்யலாம். அதே கறை ஹால் ஸ்லாபிலும் சன்ஷேடிலும் இருந்தால் கட்டடத்தின் ஆயுளே குறைந்துவிட்டது. பெசன்ட் நகர், திருவான்மியூர் போலக் கடல் காற்று படும் இடங்களில் இது சீக்கிரமே வரும்.

இதைக் கணக்கில் காட்டும் விதம் எளிது: வயதை மாற்ற முடியாது, பாக்கி ஆயுளை மாற்றலாம். மேலே சொன்ன மாதிரி வீட்டில் பாக்கி 35 ஆண்டுக்குப் பதில் 15 என்று வேல்யூவர் முடிவு செய்தால் தரைத்தளத்தின் மொத்த ஆயுள் 40, தேய்மானம் 56.25 சதவீதம், நிற்பது ரூ.12,60,000. மாடிக்கு மொத்த ஆயுள் 30, நிற்பது ரூ.9,90,000. இரண்டும் சேர்ந்து ரூ.8,64,000 குறைகிறது. பெயின்ட் அடித்து மறைத்துவிட்டு விற்கலாம் என்று நினைப்பவர்கள் பாத்ரூமில் புது ஃபால்ஸ் சீலிங் போடுவார்கள். அனுபவமுள்ள வேல்யூவர் அதைப் பார்த்தவுடனே அதன் பலகையைத் தூக்கிப் பார்க்கச் சொல்வார்.

விரிசலில் இரண்டு வகை. பூச்சில் மயிரிழை போலத் தாறுமாறாக ஓடுவது அழகுக் குறை மட்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, கீழே மெலிந்து மேலே விரிந்து போனால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. களிமண் நிலத்தில் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் மண்ணால் வருவது. சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடிக்கு ஓதம் ஏறிப் பூச்சு பொரிந்திருந்தால் மேலே புட்டி பூசுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. மொட்டை மாடியில் மழை நின்ற மறுநாள் தேங்கிய நீர் எங்கே இருக்கிறது என்று பார்ப்பது ஒரு மணி நேர ஆய்வை விட அதிகம் சொல்லும்.

செய்த மேம்பாடுகளுக்கு என்ன கிடைக்கும்?

வீட்டுக்காரருக்கும் வேல்யூவருக்கும் சண்டை வருவது இங்கேதான். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபால்ஸ் சீலிங், சுவரில் ஒட்டிய கல் எல்லாவற்றுக்கும் ஆயுள் பத்து ஆண்டு போடுவார்கள். ஐந்து லட்சத்துக்கு மூன்று ஆண்டு முன்பு செய்த சமையலறை ஏட்டுக் கணக்கில் ரூ.3,65,000. வாங்குபவர் இடித்துக் கட்டும் எண்ணத்தில் இருந்தால் அது பூஜ்யம். வீடு 15 ஆண்டுக்கு உட்பட்டது என்றால் குடியிருக்க வாங்குகிறவர் வருவார், அவருக்கு இவை மதிப்பு. 30 ஆண்டைத் தாண்டினால் வருகிறவர் பெரும்பாலும் பில்டர் அல்லது இடித்துக் கட்டுபவர். அப்போது பழைய தேக்குக் கதவும் ஜன்னலும்தான் மிஞ்சும். வீடு இடிக்கும் காண்டிராக்டர் அதற்குத்தான் விலை சொல்வார்.

செலவழித்தால் திரும்பி வருபவை கண்ணுக்குப் பகட்டாகத் தெரியாதவை. மொட்டை மாடி ஓடு பெயர்ந்த இடத்தைச் சரிசெய்து நீர்க்கசிவை நிறுத்துவது, மூன்று பேஸ் மின் இணைப்பு, பழைய வயரிங்கை மாற்றுவது, பாதாளச் சாக்கடை இணைப்பு, கேட்டைத் திறந்து ஒரு கார் முழுதாக உள்ளே போகும் இடம். கார் இடத்துக்கு 8 அடிக்கு 16 அடி வேண்டும். மாடிப்படி குறுக்கே வந்து அதைக் கெடுத்திருக்கும் வீடுகள் அநேகம். போரில் வரும் தண்ணீர் உப்பா என்பது ஏரியாவைப் பொறுத்தது, அதை யாரும் மேம்படுத்திவிட முடியாது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அடி அனுமதி இல்லாத கட்டுமானத்தில். தரைத்தளத்துக்கு மட்டும் பிளான் வாங்கி, பிறகு அனுமதி இல்லாமல் மாடி எழுப்பிய வீடு சென்னையில் எத்தனை என்று சொல்லி முடியாது. வங்கி வேல்யூவர் பொதுவாக அனுமதி பெற்ற பரப்பை மட்டுமே சேர்ப்பார். மாதிரி வீட்டில் மாடியின் ரூ.13,14,000 அறிக்கையிலிருந்தே காணாமல் போகும். மாடியில் வாடகை வருகிறதே என்ற வாதம் அங்கே எடுபடாது.

வங்கியின் எண் விற்பவரை ஏன் பாதிக்கிறது என்றால், 75 லட்சத்துக்கு மேல் கடன் என்றால் ரிசர்வ் வங்கி விதிப்படி மதிப்பில் 75 சதவீதம்தான் தரலாம். இரண்டரைக் கோடிக்குப் பேசி முடித்து, வங்கி மதிப்பு 2.3 கோடி என்று வந்தால் கடன் ரூ.1,87,50,000க்குப் பதில் ரூ.1,72,50,000. பதினைந்து லட்சத்தை வாங்குபவர் கையிலிருந்து போட வேண்டும். முடியாவிட்டால் பேரம் முறியும், அல்லது விலையைக் குறைக்கச் சொல்லி வருவார். வங்கி அறிக்கையில் சந்தை மதிப்பு, கைக்கு வரக்கூடிய மதிப்பு, அவசர விற்பனை மதிப்பு என்று இறங்குமுகமாக மூன்று தொகை இருக்கும். மூன்றாவதைக் காட்டி "வங்கியே இவ்வளவுதான் போட்டிருக்கிறது" என்று பேரம் பேசுபவர்களிடம் முதல் வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

ஃபிளாட்டுக்கு

சுருக்கமாகச் சொன்னால் யுடிஎஸ், அதாவது நிலத்தில் அந்த ஃபிளாட்டுக்கு உள்ள பிரிக்கப்படாத பங்கைப் பாருங்கள். அதே தெருவில் ஆயிரம் சதுர அடி ஃபிளாட் ஒன்றுக்கு யுடிஎஸ் 600, இன்னொன்றுக்கு 450 என்றால் கட்டடம் பழசாக ஆக இடைவெளி விரியும். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்புக்கொண்டால் மறுகட்டுமானம் செய்யலாம் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022 வழிசெய்த பிறகு பழைய ஃபிளாட்டின் யுடிஎஸ்ஸுக்கு மவுசு கூடியிருக்கிறது. அதே கட்டடத்தில் கடைசியாக விற்ற இரண்டு ஃபிளாட்டின் பத்திரம் வில்லங்கச் சான்றில் கிடைத்துவிட்டால் தனியாக வேல்யூவர் வேண்டாம்.

கட்டணம் கொடுக்கும் முன்

வேல்யூவரிடம் கேட்க வேண்டியவை: நிலமும் கட்டடமும் தனித்தனியாக, ஒப்பிட்ட விற்பனைகளின் ஆவண எண்ணும் ஆண்டும், பாக்கி ஆயுள் எத்தனை ஆண்டு, அதற்கு என்ன காரணம், நாலு பக்க அளவோடு வரைபடம். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய சொத்து என்றால் 1.4.2001 அன்றைய மதிப்பையும் அதே அறிக்கையில் கேளுங்கள். மூலதன ஆதாய வரிக்கு அது வேண்டும், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. தனித்தனியாக இரண்டு முறை கூப்பிட்டால் இரண்டு கட்டணம்.

நீங்கள் வாங்கிய அறிக்கையை வாங்குபவரின் வங்கி ஏற்காது. அவர்கள் தங்கள் ஆளைத்தான் அனுப்புவார்கள். அந்த ஆள் வருகிற நாளில் அறிக்கையைக் காட்ட வேண்டாம், அளவு வரைபடத்தையும் அனுமதி பெற்ற பிளானின் நகலையும் பட்டாவையும் மட்டும் எடுத்து வையுங்கள். மதியத்துக்குள் மூன்று வீடு பார்த்தாக வேண்டிய அவசரத்தில் வருகிறவர் பரப்பைத் தோராயமாகக் குறைத்து எழுதிவிட்டுப் போவது அப்போது நடக்காது.